எலியும் ஞாபகமும் கொஞ்சம் ஹோர்மோனும்

எலிகளைப் பற்றி ஒரு பதிவு எழுதவேணும் எண்டு கனநாளாய் யோசித்துக்கொண்டிருந்தேன். மூளையில் வேலைசெய்கிற ஸ்ரெரொயிட்டுகள் ஞாபகத்தை என்ன செய்கின்றன எண்டதுதான் நான் முதுமாணிக்குப் படிக்கிற விசயம். ஸ்ரெரொயிட் எண்டு வாய்திறந்தாலே இங்கே ஆக்களுக்கு பென் ஜோன்சன்தான் நினைவுக்கு வருவார். 1976இல் ஜமெய்க்காவிலிருந்து வந்து இதே ஸ்காபரோவில் குடியேறி, 1988இல் சியோலில் தங்கம் வென்று, மூன்று நாளுக்குள்ளேயே அதைப் பறிகொடுத்த மனுசன். ஆனால் அது தசைக்கதை. மூளைக்கதை அதைவிடப் பழையது. அதுவும் கனடாவில், மொன்றியலில்தான் தொடங்குகிறது.

வியன்னாவில் 1907இல் பிறந்த ஹான்ஸ் செலி, மக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். குளிரில் விட்டாலும், காயப்படுத்தினாலும், நஞ்சு கொடுத்தாலும் எலியின் உடம்பு ஒரே மாதிரித்தான் மறுமொழி சொல்கிறது எண்டு 1936இல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். அதிரீனல் சுரப்பி வீங்கும், வயிற்றில் புண் வரும். இண்டைக்கு நாங்கள் வாய்க்கு வாய் 'ஸ்ட்ரெஸ்' எண்டு சொல்லுகிறோமே, அதன் ஊற்று அந்தக் கடிதம்தான்.

1941இல் அவர் கண்டது இன்னொரு புதினம். புரொஜெஸ்ரெரோன் என்ற ஹோர்மோனைப் பெரிய அளவில் ஏற்றினால் எலிகள் மயங்கி விழுந்தன. மருந்து இறங்கியதும் எழும்பி நடந்தன. கர்ப்பத்தோடு சம்பந்தப்பட்ட ஹோர்மோனுக்கு மூளையில் என்ன வேலை? விடை கிடைக்க 45 வருசம் எடுத்தது. மரியா மயெவ்ஸ்காவும் கூட்டாளிகளும் 1986இல் அமெரிக்காவில் காட்டினார்கள்: இந்த ஹோர்மோன் உடைந்து வருகிற பொருள், மூளையை அமைதிப்படுத்துகிற 'காபா' வாங்கிகளில் தூக்கமருந்து மாதிரியே போய் வேலைசெய்கிறது. வேலியமும் மதுவும் கைவைக்கிற இடமும் இதுதான். அளவுக்கு மிஞ்சிக் குடித்தவருக்கு விடிஞ்சால் ராத்திரி நடந்தது நினைவில்லாமல் போவதில் இந்த வாங்கிகளுக்கும் பங்குண்டு.

இடையில் 1981இல் இரண்டு விசயம் நடந்தது. பாரிஸில் எத்தியேன்-எமில் போலியூவின் குழு, அதிரீனலையும் விதைகளையும் எடுத்துவிட்ட எலிகளின் மூளையிலும் டிஎச்இஏ சல்பேற் குறையாமல் இருப்பதைக் கண்டது. அப்படியெண்டால் மூளை தானே ஸ்ரெரொயிட் சமைக்கிறது! 'நியூரோஸ்ரெரொயிட்' என்ற பெயர் இப்படித்தான் வந்தது. அதே வருசம் ஸ்கொட்லாந்தில் ரிச்சர்ட் மொரிஸ் தன் தண்ணீர்த்தொட்டிச் சோதனையை வெளியிட்டார். கலங்கலான தண்ணிக்குள் ஒரு மேடை ஒளிந்திருக்கும். சுற்றியுள்ள அடையாளங்களை ஞாபகம் வைத்து எலி அதை நீந்திக் கண்டுபிடிக்க வேணும்.

இரண்டும் 1997இல் சந்தித்தன. மோனிக் வலேயும் போலியூவும் சேர்ந்த பிரெஞ்சுக் குழு கிழட்டு எலிகளை அந்தத் தொட்டியில் விட்டுப் பார்த்தது. எந்த எலிகளின் ஹிப்போகாம்பசில் பிரெக்னெனொலோன் சல்பேற் குறைவாக இருந்ததோ, அவைதான் மேடையைத் தேடித் தடுமாறின. அதை ஏற்றியபோது கொஞ்சநேரத்துக்கு ஞாபகம் திருந்தியது.

'அப்ப குளிசை எங்கே வாங்கலாம்?' எண்டு கேட்கிறவர்களுக்கு: பொறுங்கோ. எலியின் அதிரீனல் டிஎச்இஏ சுரப்பது இல்லையெண்டே சொல்லலாம். மனிசருடையது கணக்கில்லாமல் சுரக்கும். எலிக்குப் பொருந்தினது எங்களுக்குப் பொருந்தவேணும் எண்டு இல்லை. முதியவர்களுக்கு டிஎச்இஏ கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளை எல்லாம் கூட்டிப்பார்த்த 2006ஆம் ஆண்டு கொக்ரேன் மீளாய்வில், ஞாபகத்துக்கு நன்மை எண்டு சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் கடைத்தட்டில் கிடைக்கிற அந்தக் குளிசை, கனடாவில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அம்மா அப்பாவுக்கு வாங்கி அனுப்ப நினைக்கிறவர்கள் கவனிக்க. சோதினைக்காலத்தில் ஊரில் தீத்தின வல்லாரைச் சம்பலுக்கும் எலி ஆதாரம் உண்டு (தில்லி எய்ம்ஸ், 2002). ஆனால் அதுவும் எலி ஆதாரம்தான். சம்பலை ருசிக்காகச் சாப்பிடுங்கோ.

எனக்கு உண்மையில் உறைத்தது வேறொரு பரிசோதனை. செலியின் எலிகளில் பொங்கின கோர்ட்டிக்கோஸ்ரெரோன், ஞாபகத்துக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பசில்தான் போய்த் தங்குகிறது எண்டு புரூஸ் மக்யூவன் 1968இலேயே காட்டியிருந்தார். 1998இல் டி கெர்வேனும் கூட்டாளிகளும், மேடை எங்கே எண்டு நன்றாகத் தெரிந்த எலிகளுக்குச் சின்ன மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டு நிமிசத்தில் சோதித்தால் பிரச்சினை இல்லை. நான்கு மணித்தியாலம் கழித்தும் இல்லை. ஹோர்மோன் உச்சத்தில் நிற்கிற அரைமணி நேரத்தில் மட்டும் எலிக்கு இடம் தெரியவில்லை. ஞாபகம் அழியவில்லை, எடுக்கத்தான் முடியவில்லை. 2000இல் மனிசருக்குக் கோர்ட்டிசோன் கொடுத்து, முதல்நாள் படித்த சொற்களைக் கேட்டபோதும் அதே தடுமாற்றம்.

இனி ஒரு அகதி விசாரணை அறையை யோசியுங்கோ. 2010இல் 'சன் சீ' கப்பலில் வந்த 492 பேருக்கு முன்னும் பின்னும், இந்த நகரத்தில் எத்தனையோ பேர் அப்படியொரு மேசைக்கு முன்னால் இருந்தவர்கள்தான். எந்தத் திகதி பிடித்தார்கள்? எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? போன தடவை வேறை மாதிரிச் சொன்னீரே? உயிர் தங்கியிருக்கிற கேள்விகள். கேட்கப்படுவதோ ஹோர்மோன் பொங்கி நிற்கிற நேரத்தில்.

முரண்படுகிற ஒவ்வொரு பதிலுக்கும் இதுதான் காரணம் எண்டு நான் சொல்லவரவில்லை. எலியை வைத்து வழக்காடவும் முடியாது. ஆனால் திகதி தடுமாறினவுடனே பொய் எண்டு எழுதுகிற பேனா, தொட்டியைச் சுற்றிச் சுற்றி நீந்தின அந்த எலியைப் பற்றி ஒருக்கால் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அதுக்கு மேடை இருக்கிற இடம் தெரியும். அந்த அரைமணி நேரம்தான் தெரியாமல் போனது.