சிங்கப்பூரில் மாடிதோறும் மின்தூக்கி: ஒரு வரலாறு

சிங்கப்பூர் மக்களில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். 1990க்கு முன் கட்டப்பட்ட பல புளோக்குகளில் மின்தூக்கி முன்பு எல்லா மாடிகளிலும் நின்றதில்லை. (லிஃப்டைச் சிங்கப்பூர்த் தமிழ் ஊடகங்கள் மின்தூக்கி என்றே எழுதுகின்றன. நல்ல சொல், இங்கும் அதையே பயன்படுத்துகிறேன்.) இந்த ஒரு வடிவமைப்பு முடிவு பிற்காலத்தில் முதியோரின் நடமாட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்தியது, அது எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை இங்கே பார்ப்போம்.

1960இல் கழகம் தொடங்கப்பட்டபோது வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப்பகுதியில் பற்றிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். விரைவாக, குறைந்த செலவில் கட்டியாக வேண்டும். எனவே பல புளோக்குகளில் மின்தூக்கி 1, 5, 9 போன்ற மாடிகளில் மட்டும் நின்றது. அங்கே தரைத்தளமே முதல் மாடி என்பதை நம் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இதில் ஒரு கணக்கு இருந்தது. ஏழாம் மாடிக்காரர் ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம். அல்லது ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்கலாம். யாருக்கும் இரண்டு மாடிக்கு மேல் படி இல்லை. 1970இல் நாட்டின் இடைநிலை வயது 20ஐ ஒட்டியே இருந்தது. அந்த வயதினருக்கு இரண்டு மாடி ஒரு பொருட்டா? அன்றைய முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் குடியிருந்தவர்களுக்கு வயதாயிற்று. 65 வயதைக் கடந்தோர் 2010இல் 9 விழுக்காடு. 2020இல் 15 விழுக்காட்டுக்கும் மேல். போகும்போதும் வரும்போதும் படி இறங்குவதாகவே வழியை அமைத்துக்கொள்ள முடியும்தான். மூட்டுவலி உள்ளவருக்கு இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்பது வலித்தவருக்குத் தெரியும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ ஒரு படியும் சுவர்தான். அங்காடிக்கடையும் மருந்தகமும் கீழேயே இருந்தும் பயனில்லை.

1990 முதல் புதிய புளோக்குகளில் எல்லா மாடிகளிலும் மின்தூக்கி நின்றது. பழையவற்றுக்கு 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நீண்ட பொது நடைவழி உள்ள கட்டடங்களில் வேலை எளிது. இருக்கும் தண்டுக்கே ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கலாம், அல்லது வெளியே ஒரு தண்டு சேர்க்கலாம். சில வீடுகளுக்கு ஒரு படிக்கட்டு என்று பிரித்துக் கட்டியவற்றில் ஒவ்வொரு படிக்கட்டுக்கும் தனித் தண்டு தேவைப்பட்டது. அந்த அமைப்பு, அண்டை அயலார் வாசலைக் கடந்து போகாமல் தனிமை கிடைக்கட்டும் என்று விரும்பிச் செய்தது!

செலவின் பெரும்பகுதி அரசுடையது. வீட்டுக்காரர் பங்கு அதிகபட்சம் 3,000 வெள்ளி. புளோக்கில் 75 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தால்தான் வேலை தொடங்கியது. 2006 பொதுத் தேர்தலில் இது பிரச்சாரப் பொருளாகவும் ஆனது. 2014 வாக்கில் திட்டம் ஏறத்தாழ 5,000 புளோக்குகளை எட்டியிருந்தது.

கட்டடத்துக்கு வெளியேயும் மாற்றங்கள் வந்தன. 2009 முதல் சில சாலைக் கடப்புகளில் முதியவர் தம் சலுகை அட்டையைக் கருவியில் தொட்டால் பச்சை விளக்கு சில விநாடிகள் கூடுதலாக எரியும். 2013இல் நடைமேம்பாலங்களுக்கு மின்தூக்கி பொருத்தத் தொடங்கினர். 2014 முதல், முதியோர் மிகுந்த வட்டாரங்களில் வாகன வேகம் குறைக்கப்பட்டு, சாலை நடுவே நின்று இரு கட்டமாகக் கடக்க இடம் அமைக்கப்பட்டது.

ஏறத்தாழ 150 புளோக்குகள் மட்டும் மிஞ்சின. பயன்பெறும் வீடு ஒன்றுக்கு ஆகும் செலவு 30,000 வெள்ளி என்ற வரம்பை அவை தாண்டின, அல்லது தண்டு எழுப்ப இடம் இல்லை. அங்கே நடமாட்டம் குறைந்தவர் இருக்கும் குடும்பம், மின்தூக்கி நிற்கும் வேறு வீட்டுக்குக் குடிபெயர 2020 முதல் 30,000 வெள்ளி வரை மானியம் பெறலாம்.