திரும்பி வந்த விடைத்தாள்: தொலைநிலைக் கற்றலில் மறுமொழியின் வரலாறு

1840ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் வசதி வந்தது. ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பிக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். மாணவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். பிழைகள் திருத்தப்பட்டு அதே தாள் அவர்களிடம் திரும்பி வரும். அஞ்சல் கட்டணம் மலிந்ததால் பாடம் போய்ச் சேர்ந்தது என்பார்கள். அதே மலிவால்தான் திருத்தமும் திரும்பி வந்தது என்பதை ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை.

இணையவழிக் கல்வி குறித்த ஆய்வுகள் பலவற்றில் கற்பித்தல் தரம் ஒரு காரணி, கற்போர் ஊக்கம் வேறொரு காரணி. முன்னது ஆசிரியரைச் சார்ந்தது, பின்னது மாணவர் வீட்டிலிருந்தே கொண்டுவருவது. இந்தப் பிரிவினையை வரலாறு ஏற்பதாக எனக்குத் தெரியவில்லை. தொலைவிலிருந்து படித்தவரின் ஊக்கத்தில் பெரும்பங்கு, தாம் எழுதியதை ஒருவர் படித்துப் பதில் அனுப்பினார் என்பதிலிருந்தே பிறந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அன்னா டிக்னர் 1873இல் பாஸ்டனில் தொடங்கிய இல்லக் கல்விச் சங்கம் இதற்கு நல்ல சான்று. பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்கு அரிதாகவே திறந்த காலம் அது. ஊதியம் பெறாத பெண்களே ஆசிரியர்கள். மாதந்தோறும் அவர்கள் ஒவ்வொரு மாணவிக்கும் தனிக்கடிதம் எழுதினார்கள். நூல்களையும் அஞ்சலில் அனுப்பி வைத்தார்கள். பட்டம் கிடையாது, பதவிக்கும் வழியில்லை. ஆயினும் ஏறத்தாழ கால் நூற்றாண்டில் 7,000 பேருக்கு மேல் அதில் பயின்றார்கள். பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனில் 1891இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காகத் தோன்றிய அஞ்சல்வழிப் பள்ளியின் கதை வேறு. விற்பனையாளர்கள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தார்கள். சேர்ந்தோர் இலட்சக்கணக்கில் பெருகினார்கள். முடித்தவர்களோ சிறு பகுதியினரே.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது ஊரார் பேச்செல்லாம் பி.பி.சி. ஒளிபரப்பைப் பற்றித்தான். அந்நிறுவனத்தைத் தாங்கிய தூண் வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பயிற்றுநர் உண்டு. ஒப்படைப்புகளில் அவர் மதிப்பெண்ணோடு விரிவான குறிப்பும் எழுத வேண்டும். அந்தக் குறிப்புகளின் தரத்தையே மூத்த ஆசிரியர்கள் மாதிரிக்கு எடுத்துச் சோதித்தார்கள். திருத்துவதும் கற்பித்தல்தான் என்று ஒரு பல்கலைக்கழகம் தன் விதிமுறையிலேயே ஏற்றுக்கொண்ட செயல் இது. தொலைநிலைக் கல்வி வரலாற்றில் இதைவிடப் பெரிய முன்னேற்றம் எதையும் நான் காணவில்லை.

கோட்பாடு பின்னால்தான் வந்தது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலுள்ள தொலைவை மைல் கணக்கில் அளக்க முடியாது, உரையாடல் குறையக் குறைய அது கூடும் என்றார் அமெரிக்க அறிஞர் மைக்கேல் மூர். பாடநூலே மாணவரோடு பேசுவதுபோல் எழுதப்பட வேண்டும், அந்த நெருக்கமே படிக்கத் தூண்டும் என்றார் சுவீடனின் போர்யே ஹோல்ம்பெர்க். அஞ்சல்வழிக் கல்வியின் பட்டறிவில் பிறந்த கருத்துகள் இவை.

இணையம் வந்தபோது இந்தப் பட்டறிவு கைவிட்டுப்போனது. 2012இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மின்சுற்றுகள் பற்றிய பாடத்தை உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. பதிவு செய்தவர்கள் 1,54,763 பேர். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. பாடத்தின் தரத்தில் குறை சொல்ல முடியாது. பதிவு செய்தவர்களில் பலர் எட்டிப்பார்க்க வந்தவர்கள் என்பதும் உண்மை. எல்லோரையும் தோற்றவர்களாகக் கணக்கிடுவது நியாயமாகாது. ஆனால் அந்தப் பாடத்தை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரையில் ஒரு தகவல் இருக்கிறது: இணையத்துக்கு வெளியே சக மாணவர் ஒருவரோடோ, பாடம் தெரிந்த ஒருவரோடோ சேர்ந்து படித்தவர்கள், தனியே படித்தவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். அமைப்பு தராத பதிலை அவர்கள் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அதற்கடுத்த ஆண்டு, எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் காணொளி பார்க்கப்பட்ட 69 இலட்சம் அமர்வுகளைப் பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் நீண்ட பாடங்களில் கவனம் தங்கவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: பெருஞ்செலவில் அரங்கில் எடுத்தவற்றைக் காட்டிலும், ஆசிரியர் தம் மேசையருகே அமர்ந்து நேருக்கு நேர் பேசுவதுபோல் எடுத்தவையே மாணவர்களை இருத்தி வைத்தன. ஹோல்ம்பெர்க் சொன்னதுதான், வேறு ஊடகத்தில்.

சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் 2013இல் ஒரு நிறுவனத்துடன் சேர்ந்து நடத்திய இணையப் பாடங்களில் தேர்ச்சி விகிதம் சரிந்தது. மாணவரின் முயற்சியே வெற்றியை மிக வலுவாக முன்காட்டியது என்றது அதன் ஆய்வறிக்கை. இதை மாணவர் மீதான குற்றச்சாட்டாக வாசித்தவர்கள் உண்டு. முயற்சி எதனால் தளர்ந்தது என்ற கேள்விக்கு அந்தக் கண்டுபிடிப்பு பதில் தரவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வந்தன. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போகும் தகப்பனாரின் பையில் என்ற நிலையில் குழந்தையின் ஊக்கத்தை அளப்பதில் பொருளில்லை. ஊரகக் குழந்தைகள் சுமார் 19,000 பேரிடம் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு பெரும் கற்றல் இழப்பைக் காட்டியது. பள்ளி திறந்த ஆறு மாதங்களில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு, 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. மாலை வேளையில், தெருவிலும் திண்ணையிலும், இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். பிள்ளை எழுதியதை அங்கேயே பார்த்து, அங்கேயே திருத்தினார்.