பிடிக்காமல் போனதற்கும் தேதிகள் உண்டு

"எல்லோரும் கொண்டாடுகிற படம், எனக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை?" அதிராம்பட்டினம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்கிறார்கள். தேசிய விருது வாங்கிய படம் பிடிக்கவில்லை என்று சொன்னால், ரசனை போதாது என்று விடுதி அறையிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அப்புறம் கேமராக் கோணம், ஒளி, பின்னணி இசை என்று பாடம் நடக்கும். அந்தப் பாடத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், பயன்படும். ஆனால் தஞ்சைச் சேரியில் பிறந்தவருக்கு ஒரு படம் ஒட்டாமல் போவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அந்தக் காரணத்துக்குத் தேதிகள் உண்டு.

1968-லிருந்து தொடங்கலாம். அந்த ஆண்டு ஜூலை 27 அன்று ஏ.பி.நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' வெளிவந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. இன்றுவரை தமிழின் தலைசிறந்த படங்களில் ஒன்றாக வைத்துப் பேசப்படுவது. நாயகன் பெயர் சிக்கல் சண்முகசுந்தரம், நாயகி திருவாரூர் மோகனாம்பாள். படம் வெளிவந்து ஐந்தே மாதத்தில், டிசம்பர் 25 இரவு, அதே சிக்கலுக்கும் திருவாரூருக்கும் அதிகத் தூரமில்லாத கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூலி உயர்வு. செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர மறுத்தார்கள்.

ஜூலையில் வந்த படம் டிசம்பரில் நடந்ததைச் சொல்லியிருக்க முடியாதுதான். படத்தின் கதை அதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்ததும்கூட. நான் சொல்வது வேறு. டிசம்பரில் எரிந்த சேரி ஜூலையிலும் இருந்தது. அதற்கு முன் நூற்றாண்டுகளாக இருந்தது. 1940களில் பி.சீனிவாசராவ் கிராமம் கிராமமாக நடந்து சங்கம் கட்டியபோது பண்ணையாள் முதுகில் சவுக்கடி விழுந்துகொண்டிருந்தது, வாயில் சாணிப்பால் ஊற்றப்பட்டது. அதை நிறுத்த 1944-இல் மன்னார்குடியில் ஓர் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இவ்வளவும் நடந்த மண்ணில், ஒரு கலைஞனின் தன்மானத்தைப் பற்றி அத்தனை அழகாகப் பேசிய படத்துக்கு நாயனமும் தவிலும் கலையாகத் தெரிந்தன. சாவு வீட்டில் அடித்த பறை அந்தக் கலைக்கு வெளியே நின்றது. சிவாஜியும் பத்மினியும் கண்ணில் நிற்பார்கள், மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாதசுரம் காதில் நிற்கும். அதை ரசிப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ரசித்துக்கொண்டே இருக்கும்போது உள்ளே ஏதோ இடறினால், அதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

கே.பாலசந்தர் நன்னிலம் பக்கத்து நல்லமாங்குடிக்காரர். சினிமாவுக்கு வருவதற்கு வெகுமுன்பு, 1940களின் கடைசியில், முத்துப்பேட்டையில் ஆசிரியராக வேலை பார்த்தவர். அதிராம்பட்டினத்துக்கு அடுத்த ஊர் அது. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளர்கள் மீது கடும் அடக்குமுறை நடந்த காலமும் அதுதான். பின்னாளில் தாதாசாகேப் பால்கே விருது வரை போனவர், ஒரு கிராமத்தின் துயரத்தைப் படமாக்க நினைத்தபோது கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை எடுத்துக்கொண்டு கரிசல் காட்டுக்குப் போனார். 'தண்ணீர் தண்ணீர்' (1981) இரண்டு தேசிய விருது வாங்கியது, நல்ல படம். பிறந்த மண்ணின் வெண்மணி மட்டும் அவர் கைக்கு வரவில்லை.

வெண்மணி வேறொருவர் கைக்கு வந்தது. இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' நாவலை 1975-இல் எழுதினார், 1977-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அதைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் எடுத்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றது. நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: டில்லியிலிருந்து வந்த கோபால், சிவா என்ற இரண்டு படித்தவர்களின் கண் வழியாகத்தான் நாம் ஊரைப் பார்க்கிறோம். நிலக்கிழாரின் கொடூரத்துக்கு வேராக அவருடைய ஆண்மைக் குறை வைக்கப்படுகிறது. அரைப்படி நெல் பின்னால் போய்விடுகிறது. இடதுசாரிகள் அன்றே இதைக் கண்டித்தார்கள். நடந்த கொலையில் குற்றவாளிகள் என 1970-இல் கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தபோது, கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று நீதிபதிகள் ஐயப்பட்டார்கள். நீதிமன்றத்துக்கு மிராசுதார் கனவானாகத் தெரிந்தார், நாவலுக்கு நோயாளியாகத் தெரிந்தார். கூலி கேட்டவரின் கணக்கு இரண்டிலும் எழுதப்படவில்லை.

வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) நம்மில் பலர் கொண்டாடிய படம். பூமணியின் 'வெக்கை' அதற்கு அடிப்படை. அதில் குடிசைகள் எரியும் காட்சி வந்தபோது திரையரங்கில் வெண்மணியை நினைக்காதவர் குறைவு. ஆனால் அந்தத் தீ தெற்கே நெல்லைச் சீமைக்கு இடம் மாறிவிட்டது. பஞ்சமி நிலம் காரணமாகிறது. அதுவும் உண்மையான பிரச்சினைதான். டெல்டாவின் கூலிப் போராட்டத்தை மட்டும் இந்த முறையும் காணோம்.

இப்போது மணிரத்னம். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் வந்தியத்தேவன் பச்சை வயல்களைக் கடந்து குதிரையில் பாடிக்கொண்டே வருகிறான். 70-வது தேசிய விருதுகளில் அந்தப் படத்துக்கு நான்கு கிடைத்தன. கண்ணுக்குக் குளிர்ச்சியான படம், மறுக்கவில்லை. அந்த வயலில் இறங்கி வேலை செய்தவர் இரவில் எங்கே படுத்தார் என்று கேட்டால் படத்தில் விடை கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி கணக்கிடும்போது கழிக்க வேண்டிய நிலங்களை வரிசையாகச் சொல்கின்றன: ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. உழப்பறையர் என்ற சொல்லும் வருகிறது. அன்றைய பறைச்சேரி இன்றைய சேரி போன்றதா என்று ஆய்வாளர்கள் வாதிடலாம், வாதிடட்டும். தீண்டாச்சேரி என்ற பெயரை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வாதிட முடியும் என்பது வேறு விஷயம். உலகம் முழுக்கக் காட்டப்பட்ட சோழ நாட்டில், சோழனே கல்லில் வெட்டி வைத்த அந்தத் தெரு இல்லை.

2019 ஜூனில், இதே தஞ்சை மாவட்டத்துத் திருப்பனந்தாளில் பா.ரஞ்சித் ராஜராஜன் ஆட்சியில் நிலம் யாரிடமிருந்து போனது என்று பேசினார். அவர்மீது வழக்குப் போட்டார்கள். முன்ஜாமீனுக்காக உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. சேரியைப் பேசியவருக்கு வழக்கு, பேசாத படத்துக்கு விருது.

பிடிக்காமல் போனதை வைத்து என்ன செய்வது? ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். கமல்ஹாசன் எழுதி பரதன் இயக்கிய 'தேவர் மகன்' (1992) ஐந்து தேசிய விருது வாங்கிய படம். திரைக்கதைக்கு இலக்கணம் என்று இன்றும் சொல்வார்கள். 2023 ஜூனில் 'மாமன்னன்' இசை வெளியீட்டு மேடையில், கமல் முன்னால் உட்கார்ந்திருக்க, அந்தப் படம் தன்னை எவ்வளவு வதைத்தது என்று மாரி செல்வராஜ் சொன்னார். 'தேவர் மகன்' இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்றார். கோயில் பூட்டைத் திறந்ததற்காக ஒரு கையை இழக்கும் இசக்கியாக 1992-இல் வந்த வடிவேலு, 31 ஆண்டு கழித்து சட்டமன்ற உறுப்பினர் மாமன்னனாக வந்தார். கொண்டாடப்பட்ட படத்தில் ஓரமாக நின்றவரைப் பற்றி ஒரு சிறுவனுக்கு வந்த கோபம், இன்னொரு படத்துக்கு விதையானது.

கார்த்திகேசு சிவத்தம்பி ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: சாதி பார்க்காமல் தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகை, அங்கே இடத்தைத் தீர்மானித்தது டிக்கெட் விலை. கோயிலுக்குள் போக முடியாத நம் தாத்தாக்கள் காசு கொடுத்துத் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தார்கள். கொட்டகைக்குள் போய்விட்டோம். திரைக்குள் போவதற்குத்தான் இத்தனை காலம் பிடிக்கிறது.

அதிராம்பட்டினம் அந்த வகையிலும் கடைமடை. 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய், நம் பேச்சில் புதாறு, பட்டுக்கோட்டைச் சீமைக்குக் காவிரியைக் கொண்டுவந்தது. மேலே எல்லோரும் பாய்ச்சிக்கொண்ட பிறகே இங்கே தண்ணீர் தலைகாட்டும். சினிமாவின் தஞ்சாவூர் கும்பகோணத்திலும் திருவையாற்றிலும் முடிந்துவிடும். வெயிலில் பாளம்பாளமாகக் காலை வெடிக்க வைக்கும் உப்பளமும், அலையாத்திக் காட்டோரத்துச் சேறும், 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையோடு சேர்த்துச் சாய்த்த கூரைகளும் அந்தத் தஞ்சாவூரில் சேர்த்தி இல்லை.

கையில் போன் வைத்திருக்கும் பிள்ளைகள் பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமய்யாவின் குடிசை' ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். எரிந்த குடிசையின் சொந்தக்காரர் பெயரையே தலைப்பாக வைத்த படம் அது. உயிர் பிழைத்தவர்கள் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள். அடுத்த டிசம்பர் 25 அன்று முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வழியாக வெண்மணிக்குக் கிளம்பினால், அந்தக் குடிசை நின்ற இடத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.