அரண்மனைச் சுவரிலிருந்து சித்திரசாலைக்கு: மைசூரும் அண்டை நகரங்களின் ஓவியக் கூடங்களும்

தமிழ்நாட்டிலிருந்து மைசூர் போகிறவர்களுக்கு ஜகன்மோகன் அரண்மனையின் ஓவியக் கூடம் பெரும்பாலும் சாமுண்டி மலைக்கும் பிருந்தாவனத் தோட்டத்துக்கும் நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரம். ரவிவர்மாவைப் பார்த்தோம், விளக்கேந்திய பெண்ணைப் பார்த்தோம் என்று வெளியே வந்துவிடுகிறார்கள். இந்தக் கூடத்தை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் அதன் வரலாறு பாதிதான் பிடிபடும்; மீதி பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் சிதறிக் கிடக்கிறது. தென்னிந்திய நகரங்களில் ஓவியக் கூடங்கள் எழுந்த கதை, ஊர் விட்டு ஊர் போன சில மனிதர்களின் கதை. அந்தப் போக்குவரத்தில் 1861 முதல் 1955 வரை மைசூர் வகித்த இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

அருங்காட்சியகம் என்ற அமைப்பைத் தெற்கே கொண்டுவந்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள். 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1865இல் பெங்களூர் அருங்காட்சியகம் உருவாகவும் அவரே முன்நின்றார். இந்த நிறுவனங்கள் திரட்டியவை கல், கனிமம், பாடம் செய்த விலங்கு, கல்வெட்டு. ஆளப்படும் நிலத்தில் என்னென்ன உண்டு என்று கணக்கெடுப்பதே அவற்றின் முதல் வேலை. ஓவியத்துக்கு அங்கே இடம் குறைவு. அது அரண்மனைகளில் இருந்தது.

மைசூர் அரண்மனையில் அது ஏன் அவ்வளவு செழித்தது என்பதற்கு ஓர் அரசியல் காரணம் உண்டு. 1799இல் திப்பு வீழ்ந்ததும் சிறுபிள்ளையாக அரியணையில் அமர்த்தப்பட்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து 1831இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைப் பறித்துக்கொண்டனர். 1868இல் இறக்கும்வரை அது அவர் கைக்குத் திரும்பவில்லை. ஆட்சி போன அரசர் ஏட்டிலும் ஓவியத்திலும் சீட்டாட்டத்திலும் புதியன படைத்தார். தெய்வ வடிவங்களைத் தொகுத்த ஸ்ரீதத்வநிதியும், கஞ்சிஃபா சீட்டுகளில் அவர் வகுத்த புதிய ஆட்டங்களும் இந்தக் காலத்தவை. 1861இல் அவர் கட்டிய ஜகன்மோகன் அரண்மனையின் சுவரில் ‘சந்தானாம்புஜம்’ என்ற ஓவியம் இருக்கிறது: தாமரை இதழ்களில் உடையார் வம்சத்து முன்னோர் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். வாரிசு இல்லாத அரசர், தத்து எடுக்கும் உரிமைக்காக ஆங்கிலேயரோடு மல்லாடிய காலம் அது. அழகுக்காக மட்டும் தீட்டப்பட்டதாக அந்தத் தாமரையை என்னால் பார்க்க முடியவில்லை. அது சுவரில் எழுதிய விண்ணப்பம்.

மைசூர் மரபு ஓவியத்தைத் தஞ்சாவூர் ஓவியத்தின் தம்பி என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். இரண்டுக்கும் விஜயநகர வேர் பொதுதான். ஆனால் தஞ்சையில் பலகைமேல் கனத்த புடைப்பும் கண்ணாடிக் கற்களும் என்றால், மைசூரில் ஈயவெள்ளையும் மக்கி என்னும் மஞ்சள் பிசினும் குழைத்த மெல்லிய பூச்சின்மேல் தங்கத் தாள் ஒட்டுவார்கள். விரலால் தடவினால்தான் புடைப்பு தெரியும் அளவுக்கு மெல்லிய வேலை.

அடுத்த மாற்றம் திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. திருவிதாங்கூர் அரண்மனையில் மதுரைக்காரர்கள் உள்ளிட்ட தமிழ் ஓவியர்கள் பணியாற்றிய சூழலில் வளர்ந்த ராஜா ரவிவர்மாவை, 1885இல் பத்தாம் சாமராஜ உடையார் உருவப்படங்கள் தீட்ட மைசூருக்கு அழைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்காக அவர் தீட்டிய புராண ஓவியங்கள் அவருடைய கடைசிப் பெரும்பணிகளில் சேர்ந்தவை. 1906இல் அவர் காலமானார்.

இதற்கிடையில் 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையாக, அரச குடும்பம் ஜகன்மோகனுக்கு இடம் மாறியது. 1902இல் கர்சன் பிரபு முன்னிலையில் நால்வடி ஆட்சிப் பொறுப்பேற்றதும் இங்கேதான். புதிய அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வின், சென்னை எழும்பூரில் பின்னாளில் தேசிய ஓவியக் கூடமான செந்நிற மண்டபத்தையும் வடிவமைத்தவர். 1912இல் புதிய அரண்மனை முடிந்தது. 1915இல் ஜகன்மோகன் காட்சிக்கூடமாயிற்று. ஆனாலும் அது அப்போது அரண்மனைப் பொருள்களின் தொகுப்புதான். அதற்கு ஒரு கொள்கை கிடைத்தது 1924இல், ஜேம்ஸ் கசின்ஸ் வந்தபோது.

அயர்லாந்துக் கவிஞரான கசின்ஸ், அன்னி பெசன்ட் அழைப்பில் 1915இல் சென்னைக்கு வந்தார். 1919-20இல் டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கற்பித்துத் திரும்பினார். ஆசியாவின் கலைகள் ஒரு குடும்பம் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு வங்காளத்தில் ஏற்கெனவே உருவம் கிடைத்திருந்தது: 1903இல் கல்கத்தா வந்த யோகொயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ ஆகிய ஜப்பானிய ஓவியர்களைப் பார்த்துத்தான், தாளை நனைத்து நனைத்து வண்ணம் படியவைக்கும் ‘வாஷ்’ முறையை அவனீந்திரநாத் தாகூர் வளர்த்தெடுத்தார். அந்த வங்காள ஓவியங்களைக் கொண்டு கசின்ஸின் தூண்டுதலில் மைசூரில் தற்கால இந்திய ஓவியத்துக்கென்று ஒரு சித்திரசாலை உருவாயிற்று. இந்தியாவில் இவ்வகையில் இதற்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது வேறில்லை என்றே கருதுகிறேன்.

இங்கே ஜப்பானோடு ஓர் ஒப்பீடு பயன்படும். அங்கும் தலைநகருக்கு வெளியே, சிற்றூர்களில் கலைக்கூடங்கள் எழுந்தன. குராஷிகியில் 1930இல் ஓஹாரா கலைக்கூடத்தைத் தொடங்கியவர் ஒரு நூற்பாலை முதலாளி. அங்கே தொங்கவிட்டவை எல் கிரேக்கோ, மோனே முதலிய ஐரோப்பியர் படங்கள். மைசூரில் பணம் கொடுத்தவர் மன்னர். வாங்கச் சொன்னவர் ஐரோப்பியர். வாங்கியவை இந்திய ஓவியங்கள். சொந்தக் கலையைச் சுவரில் மாட்ட அயர்லாந்துக்காரர் ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது என்பதில் கொஞ்சம் வேடிக்கையும் உண்டு. இன்னொரு முரண்: ரவிவர்மாவின் எண்ணெய் வண்ணங்களை மேற்கத்திய நகல் என்று கலை விமர்சகர் ஆனந்த குமாரசாமியும் விவேகானந்தரின் சீடரான நிவேதிதையும் கடுமையாக ஒதுக்கினார்கள். அவர்கள் உயர்த்திப் பிடித்த வங்காளப் பாணியும் ரவிவர்மாவும் இங்கே ஒரே கூரையின்கீழ்.

கசின்ஸ் மைசூரோடு நிற்கவில்லை. திருவிதாங்கூர் அரசின் கலை ஆலோசகராகி, 1935இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ராலயம் திறக்கக் காரணமானார். மைசூரில் தொடங்கிய எண்ணம் அங்கே முழுமை பெற்றது எனலாம்: ரவிவர்மாவும் வங்காளிகளும் ரஷ்ய ஓவியர் ரோரிக்கும் மட்டுமல்லாமல் சீனம், ஜப்பான், திபெத், பாலி ஓவியங்களும் அங்கே இடம்பெற்றன.

மைசூர் இழந்த ஒருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1886இல் பிறந்த கே. வெங்கடப்பா, அரண்மனை ஓவியர் குடும்பத்துப் பிள்ளை. அரசரின் உதவித்தொகையில் கல்கத்தா சென்று அவனீந்திரநாத்திடம் பயின்றவர். நிவேதிதையும் குமாரசாமியும் எழுதிய புராணக் கதை நூலுக்குப் படம் தீட்டியவர். ஊர் திரும்பி வீணை சேஷண்ணாவிடம் வீணையும் கற்றார். உதகையும் கொடைக்கானலும் அவருடைய நீர்வண்ணங்களில் காண்பதுபோல வேறெங்கும் காணக் கிடைப்பதில்லை. மஞ்சு விலகும் ஒரு கணத்துக்காக நாள் கணக்கில் காத்திருக்கும் பொறுமை அவற்றில் தெரியும். அரண்மனைக்காகப் புடைப்புச் சிற்பங்கள் செய்துகொண்டிருந்தபோது, 1940இல் நால்வடி மறைந்தார். பணி நின்றது, கசப்பு வளர்ந்தது, வெங்கடப்பா பெங்களூர்வாசியானார். 1965இல் அவர் இறந்தபின் அவர் பெயரில் அரசு எழுப்பிய கூடம் கஸ்தூர்பா சாலையில், பால்ஃபர் முன்நின்று தொடங்கிய அருங்காட்சியகத்தின் பக்கத்திலேயே இருக்கிறது.

விடுதலைக்குப் பின் வேகம் கூடியது. 1951இல் தஞ்சை அரண்மனையில் கலைக்கூடம் திறந்தது. அங்கே பெருமை ஓவியத்துக்கு அன்றிச் சோழர் செப்புத் திருமேனிகளுக்கு. அதே ஆண்டு எழும்பூரில் இர்வினின் மண்டபம் தேசிய ஓவியக் கூடமாயிற்று. 1955இல் ஜகன்மோகன் கூடம் நால்வடிக்குப் பின் வந்த மன்னர் ஜெயசாமராஜேந்திரர் பெயரைப் பெற்றது. அதற்குச் சுமார் பத்தாண்டுகள் முன்பு ஓவியர் ஹல்தங்கர் தம் மகளை மாதிரியாக நிறுத்தி விளக்கேந்திய பெண்ணைத் தீட்டியிருந்தார். அது நீர்வண்ணம், ரவிவர்மாவின் பெயர் எண்ணெய் வண்ணத்தால் வந்தது. ஆனாலும் நாள்காட்டிகளிலும் பேச்சிலும் அந்தப் படம் ரவிவர்மா கணக்கிலேயே ஏறிக்கொண்டிருக்கிறது. கசின்ஸ் பொறுக்கிச் சேர்த்த வங்காள ஓவியங்களைப் பற்றி யாரும் அப்படித் தவறாகக்கூடப் பேசுவதில்லை. அவற்றின் வரிசை புரிய வேண்டுமானால், ஜகன்மோகனைப் பார்த்த கையோடு பெங்களூருக்கு ரயிலேறி, மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்தையும், பிறகு வெங்கடப்பாவின் மலைகளையும் பார்க்கவேண்டும்.