2022-இன் சரிவு எதற்குச் சான்று? பிரான்சின் அணுமின் உற்பத்தியில் ஆண்டு வேறுபாட்டை வாசிக்கும் முறை பற்றி

பிரான்சின் அணுமின் உற்பத்தி 2021-இல் 361 டெராவாட் மணி, 2022-இல் 279. ஒரே ஆண்டில் 82 டெராவாட் மணி குறைந்தது. உலைகளுக்கு வயதாகிவிட்டது, இனி இறங்குமுகம்தான் என்னும் கருத்துக்கு இந்த எண்ணையே முதன்மைச் சான்றாகக் காட்டும் ஆய்வுப் போக்கு ஒன்று உண்டு. அச்சான்று அந்த முடிவைத் தாங்காது என்று கருதுகிறேன். 2024-இல் உற்பத்தி மீண்டும் 361-ஐ எட்டியது. 2021 தொடக்கத்திலிருந்து 2024 டிசம்பர் பிற்பகுதி வரை மின்கட்டமைப்பில் இணைந்திருந்த உலைகள் 56, நிறுவுதிறன் 61.4 கிகாவாட். இடையில் எந்த உலையும் மூடப்படவில்லை, புதிதாக எதுவும் சேரவுமில்லை. ஆகவே, 82 அலகுகள் (இங்கு ஓர் அலகு என்பது ஒரு டெராவாட் மணி) இறங்கியதற்கும் அதே அளவு ஏறியதற்கும் திறனில் காரணம் தேட இயலாது.

எந்த உலைகள் நின்றன என்பதே இங்கு முதற்கேள்வி. ஆண்டுக் கூட்டுத்தொகையில் அது மறைந்துவிடுகிறது. 2021-இன் பிற்பகுதியில் சிவோ நிலையத்தின் முதல் உலையில், பாதுகாப்பு நீர்செலுத்துக் குழாய்களின் பற்றவைப்புகளுக்கு அருகே தகைவு அரிப்பு விரிசல்கள் கண்டறியப்பட்டன. அதையடுத்து சிவோவின் இரண்டு உலைகளும் ஷோவின் இரண்டு உலைகளும் நிறுத்தப்பட்டன. 2022-இன் பெரும்பகுதி அவை இயங்கவில்லை. இந்த நான்கும் 1996-க்கும் 1999-க்கும் இடையில் மின்கட்டமைப்பில் இணைந்தவை. அன்றைய நிலையில் நாட்டின் மிக இளைய உலைகள். மறுபுறம் 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் வந்த 900 மெகாவாட் உலைகள் இவ்வகை விரிசலுக்குக் குறைவாகவே ஆட்படுபவை என மதிப்பிடப்பட்டன. காரணமாகக் கூறப்பட்டது குழாய்ப்பாதையின் வடிவம்: பிந்தைய வடிவமைப்புகளில் குழாய் செல்லும் விதத்தால் சூடான நீரும் குளிர்ந்த நீரும் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கின்றன, அந்த வெப்ப வேறுபாடு உலோகத்தில் தகைவை ஏற்றுகிறது. வயதே காரணமென்றால் மூத்த உலைகள் முதலில் நின்றிருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு.

நான்கு உலைகளின் மொத்தத் திறன் ஏறத்தாழ 6 கிகாவாட். 2021-இல் உலைத்தொகுதி முழுவதன் சராசரிப் பயன்பாடு 67 விழுக்காடு. அந்த அளவில் இவை ஓராண்டு இயங்கியிருந்தால் சுமார் 35 டெராவாட் மணி கிடைத்திருக்கும். இது தோராயக் கணக்குதான். சிவோவின் முதல் உலை 2021-இலேயே ஆண்டு முழுவதும் ஓடவில்லை. ஆயினும் தோராய அளவு ஐயத்துக்கு இடமற்றது: இழப்பின் கணிசமான பங்கு இளைய உலைகளினுடையது. 2023 மார்ச்சில் பான்லி நிலையத்தின் முதல் உலையில் வெளிப்பட்ட ஆழமான விரிசலும் காரணம் வயதல்ல என்பதையே உறுதிசெய்கிறது. ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயில் அது 23 மில்லிமீட்டர் வரை இறங்கியிருந்தது. அதன் வேர், கட்டுமானக் காலத்தில் அந்த இணைப்பைத் திரும்பப் பற்றவைத்ததில் இருந்தது. பிறவியிலேயே வந்த குறையை முதுமைக் கணக்கில் எழுதுவது முறையன்று.

வயது பொருட்டே அல்ல என்று நான் சொல்லவில்லை. 900 மெகாவாட் உலைகள் நாற்பதாண்டு எல்லையை நெருங்கியதால் நான்காவது பத்தாண்டுச் சோதனைக்காக நீண்ட காலம் நிறுத்தப்பட்டன. 2020-இன் பெருந்தொற்றில் தள்ளிப்போன பராமரிப்புப் பணிகளும் இதே காலத்தில் வந்து குவிந்தன. 2005-இல் உற்பத்தி 430-ஐ ஒட்டியிருந்ததையும் மறுக்க முடியாது. நீண்டகால இறக்கம் உண்மை. அதை ஆராய இருபதாண்டுத் தொடர் வேண்டும். 2022 என்னும் ஒற்றை ஆண்டு அதற்குச் சாட்சி சொல்லாது. கோடையில் ஆறுகள் சூடேறியதே காரணம் என்ற வாதத்தில் நீண்ட நேரம் செலவிடத் தேவையில்லை: அதனால் நேர்ந்த இழப்பு ஆண்டு மொத்தத்தில் மிகச் சிறியது. இலையுதிர்கால வேலைநிறுத்தங்களும் தாமதத்தைக் கூட்டினவே தவிர, சரிவைத் தொடங்கவில்லை.

கணக்கிடும் முறையும் படத்தைத் திரிக்கிறது. முதன்மை ஆற்றல் அட்டவணைகளில் அணுமின்சாரம் 33 விழுக்காட்டுத் திறனில் வெப்பமாக மாற்றி எழுதப்படுகிறது; ஆகவே 82 அலகு மின் இழப்பு அங்கே 250-ஐ நெருங்குகிறது. நீர்மின்சாரம் ஒன்றுக்கு ஒன்றாகவே நிற்கிறது. 2022-இன் வறட்சியில் நீர்மின் உற்பத்தி 62-இலிருந்து 50-க்குக் கீழே, 1976-க்குப் பிந்தைய மிகத் தாழ்ந்த நிலைக்கு விழுந்தது. அந்த வீழ்ச்சி இத்தகைய அட்டவணையில் கண்ணில் படுவதேயில்லை. ஓர் அலகு மின்சாரம் அணுவிலிருந்து குறைந்தால் மூன்றாகவும் ஆற்றிலிருந்து குறைந்தால் ஒன்றாகவும் பதிவு செய்யும் அட்டவணையைக் கொண்டு இரண்டையும் ஒப்பிட முற்படுவதே தவறு.

இழந்த மின்சாரத்தை எது ஈடுசெய்தது என்பதும் நாட்டளவு அட்டவணையில் தெரியாது. 2021-இல் பிரான்சு நிகரமாக 43 டெராவாட் மணி ஏற்றுமதி செய்தது, 2022-இல் 16.5 இறக்குமதி செய்தது. பெயர்ந்தது ஏறக்குறைய 60. உள்நாட்டில் புதைபடிவ எரிபொருள் மின்சாரம் கூடியது சுமார் 11 மட்டுமே. சுமையின் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலிருந்த நிலையங்களின் மீது விழுந்தது. அதன் உமிழ்வு பிரான்சின் கணக்கில் வரவில்லை.

2023-இலும் 2024-இலும் ஆண்டுக்கு 41 அலகு வீதம் உற்பத்தி கூடியதை ஆற்றல் மாற்றத்தின் சாதனையாக வாசித்தால், பழைய பிழையே தலைகீழாகத் திரும்பும். பழுது பார்த்த குழாய்களுடன் உலைகள் திரும்பவும் இயங்கின. அதற்கு மேல் அந்த எண்கள் எதையும் சொல்வதில்லை. ஆண்டு வேறுபாட்டை வெளியிடுவோர் நிறுவுதிறன் மாற்றத்தையும் பயன்பாட்டு விகித மாற்றத்தையும் இரு தனிப் பத்திகளாகப் பிரித்துத் தர வேண்டும். அவ்வாறு தரப்படாத வேறுபாட்டைச் சான்றாக ஏற்கக் கூடாது. ஃபிளாமன்வில்லின் மூன்றாம் உலை 2024 டிசம்பர் 21 அன்றுதான் மின்கட்டமைப்பில் இணைந்தது. இழந்த 82 அலகுகளின் மீட்சியில் அதற்குப் பங்கில்லை.