கண்சார் மயாஸ்தீனியா

கண்சார் மயாஸ்தீனியா என்பது மயாஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோய், கண்ணை அசைக்கும் தசைகளையும் இமைத் தசைகளையும் மட்டும் பாதிக்கும் நிலை ஆகும். மேலிமை தாழ்ந்துபோதலும், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதலும் இதன் முதன்மையான அறிகுறிகள். விழித்திரை, வில்லை, பார்வை நரம்பு ஆகியவற்றுக்கு இந்நோயால் கேடு நேர்வதில்லை. ஆகவே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்கும்போது எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படிப்பவருக்கும், இரு கண்களையும் திறந்துகொண்டு சாலையைக் கடப்பது கடினமாக இருக்கலாம்.

மயாஸ்தீனியா நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் கண்ணில் மட்டும் தொடங்குகிறது. அவர்களுள் பலருக்குப் பின்னர் முகம், தொண்டை, கை, கால் தசைகளுக்கும் அது பரவுகிறது. அவ்வாறு பரவுவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நிகழ்கிறது. சீனா, ஜப்பான் போன்ற கிழக்காசிய நாடுகளில் குழந்தைப் பருவத்திலேயே கண்ணில் மட்டும் தோன்றும் வகை மிகுதியாகக் காணப்படுகிறது.

காரணம்

நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள், தசையிலுள்ள ஏற்பிகளில் சென்று பொருந்தும்போதுதான் தசை சுருங்குகிறது. மயாஸ்தீனியாவில் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே இந்த ஏற்பிகளைத் தாக்கும் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. நரம்பு அனுப்பும் செய்தியில் பிழை இல்லை. அதைப் பெற்றுக்கொள்ளும் இடங்கள்தாம் குறைந்துவிடுகின்றன. தொடர்ந்து வேலை செய்யும்போது வெளிப்படும் அசிட்டைல்கோலினின் அளவும் குறைவதால் தசை சோர்ந்துவிடுகிறது, ஓய்வுக்குப்பின் மீள்கிறது.

கண் தசைகள் முதலில் பாதிக்கப்படுவதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. இவற்றுக்கு நரம்புத் துடிப்புகள் மிக விரைவாக வந்துகொண்டே இருக்கின்றன. விழித்திருக்கும் நேரம் முழுவதும் இவை ஓய்வதில்லை. இவற்றின் நரம்பு-தசைச் சந்திகளில் உள்ள மடிப்புகளும் ஏற்பிகளும் பிற தசைகளில் உள்ளதைவிடக் குறைவு. மேலும், கையின் வலிமை சிறிது குறைந்தால் ஒருவர் அதனை உணராமலே இருக்கலாம். கண்ணின் அச்சு சிறிது விலகினாலும் உருவம் இரண்டாகிவிடலாம்.

வரலாறு

ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு குறிப்பு இந்நோயைப் பற்றிய முதல் விவரிப்பாகக் கருதப்படுகிறது. இப்போதுள்ள பெயர் ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் யோலி 1895-இல் பயன்படுத்திய பெயரிலிருந்து வந்தது. 1934-இல் லண்டனின் கிரீனிச் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வாக்கர், இந்நோய் குராரே நஞ்சின் விளைவை ஒத்திருப்பதைக் கவனித்து, அந்நஞ்சுக்கு மாற்றான ஃபைசோஸ்டிக்மினைச் செலுத்திப் பார்த்தார். தாழ்ந்திருந்த இமை சிறிது நேரத்தில் உயர்ந்தது. இன்றைய மருந்துகளின் தொடக்கம் இதுவே. நோய்க்கு ஏற்பிகள் மீதான தாக்குதலே காரணம் என்பதை 1973-இல் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் முயல்களில் செய்த ஆய்வு காட்டியது.

அறிகுறிகளும் கண்டறிதலும்

இந்நோயின் தனித்தன்மை அதன் மாறும் இயல்பு. காலையில் இமை இயல்பாக இருக்கும். மாலையில் கண்மணியை மூடும் அளவுக்கு இறங்கும். ஒரு நாள் வலக்கண்ணில் தெரியும் குறை, மறு வாரம் இடக்கண்ணில் தெரியலாம். காலையில் மருத்துவரிடம் செல்பவரிடம் எந்தக் குறையும் காணப்படாமல், அவர் கூறுவது மிகையெனத் தள்ளப்படுவதும் உண்டு. மாலையில் எடுத்த ஒளிப்படங்களைக் காட்டுவது இதற்கு எளிய தீர்வு.

மருத்துவர் நோயாளியை ஓரிரு நிமிடங்கள் மேல்நோக்கிப் பார்க்கச் செய்து இமை இறங்குகிறதா எனக் காண்பார். மூடிய இமைமீது இரண்டு நிமிடம் பனிக்கட்டி வைத்தபின் இமை 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் இந்நோய் இருப்பதாக ஐயுறலாம். குளிர்ச்சியில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியின் வேகம் குறைகிறது. குருதியில் பிறபொருளெதிரி இல்லையெனில் நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. கண்ணில் மட்டும் நோயுள்ளோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இச்சோதனை நேர்மறையாக அமைகிறது. அப்போது தனித் தசைநார் மின்பதிவு துணை செய்யும். தைமஸ் சுரப்பியில் கட்டி உள்ளதா என அறிய மார்பு வரிமப் படமும் எடுக்கப்படும்.

மயாஸ்தீனியாவில் கண்மணியின் அளவு மாறுவதில்லை. இமை இறக்கத்துடன் ஒரு கண்மணி விரிந்திருந்தால், மூளை நாளப் புடைப்பு போன்ற வேறு காரணம் இருக்கக்கூடும் என்பதால் உடனடி மருத்துவ உதவி தேவை.

அன்றாட வாழ்க்கை

ஒரு கண்ணை மூடினால் இந்த இரட்டைப் பார்வை மறைந்துவிடும். ஆகவே கண்மூடியோ, மூக்குக் கண்ணாடியின் ஒரு வில்லைமீது ஒட்டிய பால்நிற ஒட்டுநாடாவோ பலருக்குப் போதுமானதாகிறது. ஆனால் ஒற்றைக் கண்ணால் ஆழத்தை மதிப்பிடுவது கடினம்; படியிறங்கும்போதும், குவளையில் வெந்நீர் ஊற்றும்போதும் இது தெரியவரும். பட்டகம் பொருத்திய கண்ணாடி இரு உருவங்களை இணைக்க வல்லது. எனினும் காலையில் அளந்த விலகல் மாலையில் இருப்பதில்லை என்பதால், நிலையான பட்டகத்தைவிட, வில்லையில் ஒட்டி எடுக்கக்கூடிய மெல்லிய ஃபிரெனெல் பட்டகத் தாளே ஏற்றது. இமையைத் தூக்கும் அறுவை சிகிச்சையும் மாறுகண் அறுவை சிகிச்சையும் நோய் நெடுநாள் நிலைபெற்ற பின்னரே கருதப்படுகின்றன.

தாழ்ந்த இமையைத் தாங்கக் கண்ணாடிச் சட்டத்தில் சிறு கம்பி பொருத்தலாம். இந்நோய் கொண்டிருந்த கிரேக்கக் கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸ் (இறப்பு 1975) தம் இமைகளை ஒட்டுநாடாவால் உயர்த்தி வைத்திருந்தார். இவற்றில் இரு இடர்கள் உள்ளன. இமை உயர்ந்தவுடன், அதுவரை அது மறைத்திருந்த இரட்டைப் பார்வை வெளிப்படலாம். இமைத்தல் குறைவதால் கண் உலர்ந்து போகும். செயற்கைக் கண்ணீர் தேவைப்படும். கண்ணை மூடும் தசையும் தளர்ந்தவர்களுக்குக் குளிக்கும்போது சோப்பு நீர் கண்ணுக்குள் புகுவது வழக்கமான தொல்லை.

வெப்பம், தூக்கமின்மை, காய்ச்சல் ஆகியவை குறையை மிகுவிக்கின்றன. நெடுநேரப் படிப்பையும் கணினி வேலையையும் முற்பகலில் வைத்துக்கொண்டு, இடையிடையே சில நிமிடங்கள் கண்மூடி ஓய்வெடுப்பது பயன் தருகிறது. இரட்டைப் பார்வையுடன் வண்டி ஓட்டுதல் கூடாது. பிரித்தானியாவில், கண்ணாடியாலோ கண்மூடியாலோ அது கட்டுப்படுத்தப்பட்ட பின்னரே மகிழுந்து ஓட்ட மீண்டும் இசைவு கிடைக்கிறது. சிறு குழந்தைகளில் இமை கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தால் அக்கண்ணின் பார்வை வளர்ச்சி குன்றி, சோம்பேறிக் கண் என்னும் நிலை ஏற்படலாம். இது பெரியவர்களுக்கு நேராத இழப்பு.

மருத்துவம்

பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் செயற்பட்டுச் சில மணி நேரம் பயன் தரும். இமை இறக்கத்துக்கு இது உதவும் அளவுக்கு இரட்டைப் பார்வைக்கு உதவுவதில்லை. வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் பக்க விளைவுகள். போதாதபோது பிரெட்னிசோலோன் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்படுகிறது. நெடுநாள் தேவைப்படின் அசாத்தியோபிரின் சேர்க்கப்படலாம்.

சில மருந்துகள் இந்நோயை மோசமாக்கும். சிப்ரோஃபிளாக்சசின் வகை, ஜென்டாமைசின் வகை, அசித்ரோமைசின் வகை நுண்ணுயிர்க் கொல்லிகள், குயினைன், சிரை வழி மக்னீசியம் ஆகியவை அவற்றுள் சில. கண் அழுத்த நோய்க்கான டிமொலால் சொட்டு மருந்தும் இதில் அடங்கும் என்பது பலர் கவனியாதது. எனவே காய்ச்சலுக்கோ பல்வலிக்கோ சென்றாலும் நோயின் பெயரை மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் கூறுதல் வேண்டும். விழுங்குவதில் தடை, மூக்கொலிப் பேச்சு, மல்லாந்து படுக்கும்போது மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால், நோய் கண்ணைக் கடந்துவிட்டது என்று கொண்டு மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.