நெல்லும் நீரும்

2005-ம் ஆண்டில் நாகூரில் நானா ஒருவர் என்னை வழிமறித்துக் கேட்டார்: "தம்பி, மண்ணே இல்லாம பயிர் வருமாமே, மெய்தானா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி உள்ளே வந்தபோது அவருடைய வயலிலும் உப்பு படிந்துவிட்டது. நிலத்தை விற்றுவிட்டுக் கொட்டகை போட்டுத் தொட்டியில் பயிர் செய்யலாம் என்று மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"நம்ம நெல்லு தண்ணியிலதானே நிக்குது?" என்றார் மேலும்.

நிற்பது தண்ணீரில்; சாப்பிடுவது சேற்றில். நெல்லின் தாளிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உண்டு. அதனால் மூச்சு முட்டுவதில்லை. தக்காளியை அப்படி நிறுத்தினால் வேர் அழுகும்.

விஷயம் பழையது. ஹெல்மாண்ட் என்ற பெல்ஜிய வைத்தியர் 200 ராத்தல் மண்ணில் 5 ராத்தல் வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் நீர் மட்டும் விட்டார். மரம் 169 ராத்தல் ஆயிற்று. மண்ணில் குறைந்தது சுமார் இரண்டு அவுன்ஸ். மரமெல்லாம் தண்ணீரே என்று முடிவு கட்டினார். தவறுதான், காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. 1699-ல் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினாவைப் பலவகை நீரில் வளர்த்துப் பார்த்தார். தோட்டத்து மண் கலந்த நீரில்தான் அது செழித்தது.

பிறகு வந்தவர் கெரிக்கே. கலிபோர்னியா சர்வகலாசாலைக்காரர். 1930-களில் உப்புக் கரைசலில் 25 அடித் தக்காளிக் கொடியை வளர்த்துப் பத்திரிகைகளைப் பிரமிக்க வைத்தார். இனி வயலே வேண்டாம் என்று ஒரே ஆரவாரம்! அதே சர்வகலாசாலையில் ஹோக்லண்ட், ஆர்னன் என்ற இருவர், ஒரே கண்ணாடி வீட்டில், நல்ல மண்ணிலும் மணலிலும் கரைசலிலும் தக்காளியைப் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து ஒப்பிட்டார்கள். 1938-ல் அச்சான முடிவு சப்பென்றிருந்தது: மகசூலில் சொல்லும்படியான பேதமில்லை, சத்திலும் இல்லை. வெயிலும் ஊட்டமும் சமமானால் பயிருக்கு எல்லாம் ஒன்றே. ஆரவாரக்காரர்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

நம் தேசத்திலும் 1946-ல் டக்ளஸ் என்பவர் வங்காளத்துக் காலிம்போங்கில் சரளைக்கல்லும் மணலும் போட்டுச் சிக்கனமாக முயன்று, 1951-ல் புத்தகமும் எழுதினார்.

"அப்போ மகன் சொல்றது?" என்றார் நானா.

"கீரை, தக்காளி என்றால் வரும், நானா. நெல்லுக்குக் கட்டுப்படியாகாது. தொட்டிக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். உங்கள் கிணறு எப்படி?"

"உப்பு," என்றார்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டியது. நானா வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்போடு வடிகாலில் விட்டார்; மறுபடி தேக்கினார். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். மகனுக்குக் கோபம், மூன்று மாதம் பேச்சில்லை. அடுத்த வருஷம் சம்பா வந்தது, சுமாராகத்தான்.

பார்க்கப் போனபோது அவர் கேட்டது வேறு. "அந்த 25 அடித் தக்காளியை எப்படிப் பறிச்சான்?"

"ஏணி வைத்துத்தான், நானா."

வெகு நேரம் சிரித்தார்.